பனிநாட்டு வீடு நம் மலைக்கு வந்த கதை

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு நேரும் சங்கடம் ஒன்றைச் சொல்லி இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். பெங்களூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பிறர் எழுதியதைத் தமிழாக்குவதே என் வேலை. சென்ற மார்கழியில் காஷ்மீரத்துக் குல்மர்க்கைப் பற்றிய ஒரு சுற்றுலாக் குறிப்பு என் மேசைக்கு வந்தது. நான்கே பத்திகள்தாம். அரை நாளில் முடித்துவிடலாம் என்று எண்ணி அமர்ந்தேன். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

காரணம், பனி. தமிழில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. விடியற்காலையில் வழியை மறைக்கும் மூட்டமும் பனி. இமயத்தின்மீது மாதக்கணக்கில் கிடக்கும் வெண்மைப் பொதியும் பனியே. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர் முன்பனி, பின்பனி என இரண்டு பருவங்களுக்குப் பெயரிட்டனர். ஆயினும், வீட்டுக் கூரைமீது ஆள் உயரம் குவிந்து கைமரத்தை முறிக்கும் பனி அவர்தம் வாழ்வில் இல்லை. ஆதலால் அதற்குத் தனிச்சொல்லும் தேவைப்படவில்லை. 'வெண்பனி' என்று எழுதி அடுத்த வரிக்குச் சென்றேன். அங்கே 'ஷாலே' என்னும் சொல் காத்திருந்தது. சுவிட்சர்லாந்தின் மலைவீட்டுக்கு அந்நாட்டார் வழங்கும் பெயர் அது. பனிச்சறுக்கு விளையாட வருவோர் தங்கும் ஆடம்பர விடுதிகள் உலகெங்கும் அந்த வீட்டின் சாயலையே பின்பற்றுகின்றன.

இவ்வகை வீடு தமிழ்நாட்டில் ஏது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது. சிறுவயதில் உதகமண்டலத்தில் நானே ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதுமட்டுமன்று, அதன் பேரப்பிள்ளைகள் போன்ற வீடுகளைப் பெங்களூரில் நாள்தோறும் கடந்தே அலுவலகம் செல்கிறேன். வெண்பனி விழாத ஊரில் பனிநாட்டு வீடு எப்படி வந்தது? வந்தபின் என்னவாயிற்று? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அவ்வீட்டின் பிறப்பிடத்துக்குச் செல்வோம். ஆல்ப்ஸ் மலையின் குடியானவன் தன் வீட்டின் அடிப்பகுதியைக் கல்லால் எழுப்பினான். மேற்பகுதியை மரத்தால் அடுக்கினான். கல் ஈரத்தைத் தாங்கும்; மரம் உள்ளிருக்கும் சூட்டைக் காக்கும். கூரையை அவன் அமைத்த விதம் கவனிக்கத்தக்கது. பனி சறுக்கி விழும்படி அவன் கூரையைச் செங்குத்தாகக் கட்டியிருப்பான் என்றே நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. பழைய ஆல்ப்ஸ் வீட்டின் கூரை அகலமானது, சாய்வு குறைந்தது. விழுந்த பனி அதன்மேல் தங்கிக் கம்பளிபோல் குளிரைத் தடுக்கும். மேற்கூரையின் மரச்சில்லுகள் காற்றில் பறக்காமலிருக்கக் கற்களைப் பாரமாக வைப்பதும் உண்டு. இறவாரம் சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டிருக்கும்; உருகும் பனிநீர் சுவரை நனைக்காது; அதன் நிழலில் விறகும் உலர்ந்திருக்கும். ஆக, அவ்வீட்டில் அழகு என்று நாம் கருதுவன யாவும் முதலில் தேவையாகத் தோன்றியவையே.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் செல்வர்கள் மலையழகைத் தேடிப் பயணம் செய்யலாயினர். குடியானவனின் வீடு அவர்களுக்கு ஓர் ஓவியமாகத் தோன்றிற்று. அதன் மாடமுகப்பையும், செதுக்கு வேலைப்பாடுள்ள பலகைகளையும் தம் நாட்டுத் தோட்டங்களிலும் கட்டிப் பார்த்தனர். இயந்திர வாள் வந்தபின் பலகையில் பூவும் கொடியுமாகத் துளைவேலை செய்வது மலிவாயிற்று. 'சுவிஸ் பாணி' என்பது உலகச் சந்தையில் ஒரு சரக்காயிற்று.

மலை விடுதிகளின் கதையும் அங்கேதான் வளர்ந்தது. சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பது செயின்ட் மோரிட்ஸ். அங்கு 'குல்ம்' விடுதியை நடத்திய யோகன்னஸ் பாத்ருட் என்பவர் 1864ஆம் ஆண்டு கோடையின் முடிவில் தம் ஆங்கில விருந்தினரிடம் ஒரு பந்தயம் கட்டியதாகச் சொல்வார்கள். "குளிர்காலத்தில் வந்து பாருங்கள், இங்குள்ள வெயில் உங்களுக்குப் பிடிக்காவிடில் வழிச்செலவு என்னுடையது" என்றாராம். வந்தவர்கள் வசந்தகாலம் வரை திரும்பவில்லையாம். அதுவரை கோடைவாசமாக இருந்த மலை, குளிர்கால உல்லாசத்துக்கும் உரியதாயிற்று. பின்னர் அவ்வூர் 1928இலும் 1948இலும் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களை நடத்திற்று. தெற்கு நோக்கிய நீண்ட முகப்பு, அறைதோறும் வெயில் காயும் மாடம், மலையைப் பார்த்த பெருங்கூடம், கணப்பைச் சுற்றிய இருக்கைகள் ஆகியவை மலை விடுதியின் இலக்கணமாக நிலைபெற்றன.

இந்தியாவில் பனிச்சறுக்குக்கு உரிய இடம் குல்மர்க். ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள இந்தப் பூம்புல்வெளியில் 1888ஆம் ஆண்டு நெடூ என்னும் குடும்பத்தார் ஒரு விடுதியை நிறுவினர். அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள துப்ரோவ்னிக்கிலிருந்து பிழைப்புத் தேடி இந்தியா வந்த குடும்பம் அது. ஆங்கிலேயர் 1927இல் அங்கே பனிச்சறுக்குக் கழகம் ஒன்றை அமைத்தனர். இன்று வடத்தில் ஓடும் தொங்கூர்தி பயணிகளை அபர்வத் மலைச்சரிவுக்கு ஏற்றிச் செல்கிறது. 2020ஆம் ஆண்டு 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுகள் அங்கு நடந்தன. அங்குள்ள விடுதிகளின் தகடு வேய்ந்த சாய்வுக் கூரைக்கு உண்மையான வேலை இருக்கிறது. பனி விழுகிறது, கூரை அதனைத் தள்ளுகிறது.

இனி நம் நீலகிரிக்கு வருவோம். உதகமண்டலம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை இரவுகளில் புல்வெளியில் உறைபனி படர்ந்து, காலையில் வெள்ளைத் துணி விரித்தாற்போல் தோன்றும். வெயில் ஏறினால் மறைந்துவிடும். கூரையைப் பாரமாக அழுத்தும் வெண்பனி அங்கு இல்லை. அங்குள்ள வீடுகள் தாங்கவேண்டியவை இரு பருவ மழையும் குளிர்காற்றும்.

அந்தக் குளிருக்கு விடை கண்டவர்கள் ஆங்கிலேயர் வருமுன்பே அங்கு இருந்தனர். தோடர்களின் மரபு வீட்டைப் பார்த்தவர் அறிவர். மூங்கிலை வில்லாக வளைத்து, பிரம்பால் கட்டி, புல் வேய்ந்து, அரைப்பீப்பாய் வடிவில் அமைத்த வீடு அது. கூரையே இருபுறமும் சுவராக இறங்கும். மழைநீர் நிற்க இடமில்லை. வாயில் மிகச் சிறியது. குனிந்து, ஏறத்தாழத் தவழ்ந்தே உள்ளே செல்லவேண்டும். குளிர்காற்றும் காட்டு விலங்கும் எளிதில் நுழையா. சிறு அடுப்பின் சூடு அவ்வீடு முழுவதற்கும் போதும். ஆல்ப்ஸ் குடியானவன் தன் மலைக்கு எழுதிய விடையைப் போலவே, தோடர் தம் மலைக்கு எழுதிய விடை இது.

கோயமுத்தூர் மாவட்ட ஆட்சியராயிருந்த ஜான் சலிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். தோடரிடமிருந்து நிலம் பெற்று, 1822ஆம் ஆண்டு உதகையில் கல்வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். மலைமக்கள் அதைக் 'கல் பங்களா' என்று அழைத்தனர். அரசுக் கலைக் கல்லூரி வளாகத்தில் அது இன்றும் நிற்கிறது. அதன்பின் வந்தவர்கள் தோடர் வீட்டைப் பார்த்து வியந்தனர்; படம் வரைந்தனர்; ஆனால் அதனிடம் பாடம் கேட்கவில்லை. தங்கள் ஊர் நினைவையே மலைமேல் கட்டினர். அந்த நினைவுக்கு வேண்டிய பொருளெல்லாம் கீழிருந்து ஏறவேண்டியிருந்தது. 1830இல் அருச்சிக்கப்பெற்ற புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்திரங்கள், சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு மலையேற்றப்பட்டவை. வீழ்ந்த அரசின் மரம் வென்றவரின் கூரையைத் தாங்கிற்று.

நான் சிறுவயதில் கண்ட வீடு பெர்ன்ஹில் மாளிகை. 1844ஆம் ஆண்டு காட்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் கட்டிய பங்களாவிலிருந்து அது வளர்ந்தது. 1873இல் மைசூர் அரச குடும்பத்தின் உடைமையாயிற்று. அப்போது பட்டத்துக்குரிய பத்தாம் சாமராஜேந்திர உடையார் பத்து வயதுச் சிறுவர். மைசூர் ஆட்சி ஆங்கிலேய ஆணையர் கையில் இருந்தது. பின்னர் அது மைசூர் மன்னர்களின் கோடை மாளிகையாக விளங்கி, பிற்காலத்தில் தங்கும் விடுதியாகவும் நடைபெற்றது.

அதன் தோற்றம் சுவிஸ் மலைவீட்டின் தோற்றமே. செந்நிறச் சுவர்கள்; முக்கோண மாடமுகப்புகள்; கூரை விளிம்பில் செதுக்கிய பலகைகள்; வார்ப்பிரும்பு அலங்காரங்கள்; உள்ளே கணப்பும் நடனக் கூடமும். ஆல்ப்ஸில் பனிநீரைத் தடுக்க நீண்ட இறவாரம், இங்கே மழைச்சாரலைத் தடுத்தது. அங்கே வெயில் காய அமைத்த மாடம், நீலகிரிப் பங்களாக்களில் கண்ணாடியடைத்த தாழ்வாரமாக மாறிற்று. வேண்டாத பகுதி அலங்காரமாக நின்றது. வேண்டிய பகுதி வேறு வேலையை ஏற்றுக்கொண்டது. மொழிபெயர்ப்பிலும் இதுவே நிகழ்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த இடம் உறுத்தும். கருத்தைப் பெயர்த்த இடம் நம் மொழியோடு கலந்துவிடும்.

சுவிட்சர்லாந்துக்கும் நம் மலைக்கும் வேறு தொடர்புகளும் உண்டு. 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் அடைந்த மலை ரயில், ரோமன் ஆப்ட் என்னும் சுவிஸ் பொறியியலாரின் பல்சக்கர முறையால் ஏறுகிறது. அதன் நீராவி எஞ்சின்களில் பல அந்நாட்டின் வின்டர்தூர் நகரிலிருந்து வந்தவை. நம் ஊர்களில் 'மங்களூர் ஓடு' என்று வழங்கும் ஓட்டின் வரலாறும் அத்தகையதே. சுவிஸ் நகரமான பாசலைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன், 1860களில் நேத்திராவதிக் கரைக் களிமண்ணைக் கொண்டு அத்தொழிலைத் தொடங்கிற்று. மலபார் முதல் பெங்களூர் வரை எத்தனையோ கூரைகளை அந்த ஓடு மூடிற்று. இன்று அதை யாரும் அந்நியப் பொருளென்று எண்ணுவதில்லை. பழைய வீடு என்றாலே ஓட்டுவீடு என்றுதான் மனத்தில் தோன்றுகிறது.

பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரமுள்ள பீடபூமி. இங்கே உறைபனியும் இல்லை. எனினும் தண்டுப் பகுதியின் பழைய பங்களாக்களில் அதே மாடமுகப்பும் பலகை வேலையும் உண்டு. வாயில் முகப்பின் மேலும் சன்னல்களின் மேலும் கூம்பிய மரக்கூண்டுபோல் நீட்டி, கூரிய முனையுள்ள மெல்லிய பலகைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பர். அதற்கு இவ்வூரில் 'குரங்குத் தொப்பி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வழங்குகிறது. குரங்குகள் வந்து அமர்வதால் அப்பெயர் என்பர் சிலர். பெங்களூரின் புகழ்பெற்ற 'வெஸ்ட் எண்ட்' விடுதிகூட 1887இல் பிரான்சன் என்னும் ஆங்கில அம்மையார் நடத்திய பத்து அறைத் தங்குமனையாகத் தொடங்கியதே. பிற்காலத்தில் அது சென்னையில் பெயர்பெற்ற ஸ்பென்சர் நிறுவனத்தாரின் கைக்கு வந்தது.

அல்சூர்ப் பக்கம் இத்தகைய முகப்பு ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த வயது முதிர்ந்த தச்சர் ஒருவரைச் சில மாதங்களுக்கு முன் கண்டேன். பேச்சில் வேலூர்ப் பக்கத்து வாடை இருந்தது. தாத்தா காலத்தில் பெங்களூர் வந்த குடும்பம் என்றார்.

"இந்தப் பலகையெல்லாம் அழகுக்காகவா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"அழகு அப்புறம், தம்பி. முதலில் காற்று. பலகைக்குப் பலகை விரல் அகலம் இடம் விடவேண்டும். காற்று வரும், சாரல் வராது, எதிர்வெயில் கண்ணில் அடிக்காது."

"இது சுவிட்சர்லாந்து தேசத்து வேலை என்கிறார்களே?"

அவர் உளியை நிறுத்தவில்லை. "அது எந்த ஊர் வேலையோ எனக்குத் தெரியாது. இது எங்கள் தாத்தா வேலை" என்றார்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னுடன் வந்தது. நான் ஏட்டில் படித்த வரலாறு பொய்யன்று. ஆனால் அவர் சொன்னதும் வரலாறே. ஆல்ப்ஸின் வடிவம் ஆங்கிலேயரின் படப்புத்தகத்தில் வந்தது. அந்தப் படத்தை மரமாக்கியவர், எங்கே இடைவெளி விடவேண்டும், எந்தப் பக்கம் சாரல் அடிக்கும் என்று அறிந்த இவ்வூர்த் தச்சர்தாம். அந்த அறிவு படப்புத்தகத்தில் இல்லை.

பெங்களூர்த் தண்டு 1809ஆம் ஆண்டையொட்டி அமைந்தபின், சென்னைப் படையோடு தமிழ்நாட்டிலிருந்து தச்சரும் கொத்தனாரும் வணிகரும் வந்து குடியேறினர். அவர்களுள் பெயர் நிலைத்தவர் மிகச் சிலரே. ஆற்காடு நாராயணசாமி முதலியார் அவர்களில் ஒருவர். 1864 முதல் 1868 வரை எழும்பிய அட்டாரா கச்சேரி, அதாவது இன்றைய கர்நாடக உயர்நீதிமன்றக் கட்டடம், அவர் ஒப்பந்தம் எடுத்துக் கட்டியது. பின்னர் அவர் கல்விக்கூடமும் நிறுவினார். அவர் பெயரை ஏடு காத்தது. அவரிடம் கூலி வாங்கிச் செங்கல் அடுக்கியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

எல்லா நாட்டிலும் இப்படித்தானா என்றால், ஒரு மாறான உதாரணம் உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஹூட் மலைச்சரிவில் 'டிம்பர்லைன்' என்னும் பனிச்சறுக்கு விடுதி இருக்கிறது. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையிழந்தோருக்கு வேலை தரும் திட்டத்தின்கீழ் அரசே அதைக் கட்டிற்று. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1937 செப்டம்பர் 28ஆம் நாள் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நடுக்கூடத்தின் கூரை பின்னால் தெரியும் மலைச்சிகரத்தைப் போலவே கூம்பியது. பழைய கம்பங்கள் படிக்கட்டுத் தூண்களாகி, அவற்றின் தலையில் அம்மலையின் விலங்குகள் செதுக்கப்பட்டன. பழைய தண்டவாள இரும்பு கணப்பில் விறகு தாங்கும் சட்டமாயிற்று. அந்த விடுதிக்கு வருவோர் மலையை மட்டும் பார்ப்பதில்லை. இது இன்ன திட்டத்தில், இன்னவகைத் தொழிலாளர் கைப்பட எழுந்தது என்பதையும் சேர்த்தே அறிந்து செல்கின்றனர். அந்த வேலையே அக்கட்டடத்தின் பெருமை.

நம்மிடம் அத்தகைய நினைவு இல்லை. பெங்களூரில் நான் அலுவலகம் செல்லும் வழியில் இருபது ஆண்டுகளுக்கு முன் எண்ணிய மாடமுகப்புகளில் பாதிக்குமேல் இன்று இல்லை. ஒவ்வொன்றும் விழும்போது ஒரு வீடு மட்டும் போவதில்லை. எங்கே விரல் அகலம் விடவேண்டும் என்னும் அறிவுக்கு இருந்த சாட்சியும் போகிறது. இடித்தவரைக் குறைகூறி என்ன பயன்? அந்தப் பலகையில் தன் ஊர்க்காரரின் கை இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? நான் அறிந்திருக்கவில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் இருக்கும் ஊரின் பழைய ரயில் நிலையம், படைவீட்டுப் பங்களா, தேவாலயம், ஆலை ஆகியவற்றை ஒருமுறை தலைநிமிர்ந்து பாருங்கள். இவற்றைக் கட்டியவர் எங்கிருந்து வந்தனர் என்று அவ்வூர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். விடை தமிழ்நாடாகவும் இருக்கலாம். ஆந்திரமாகவும் ராஜஸ்தானமாகவும் இருக்கலாம். எதுவாயினும் எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளைகள், "நாம் எந்த ஊர்க்காரர்?" என்று கேட்கும்போது, பிறந்த ஊரின் பெயரோடு இந்த விடையையும் சேர்த்துச் சொல்லலாம். வந்த இடத்தின் காற்றையும் மழையையும் அறிந்து வேலை செய்தவர் அந்த இடத்துக்கும் உரியவரே.

குல்மர்க் குறிப்பை ஒருவாறு முடித்துக் கொடுத்துவிட்டேன். 'ஷாலே' என்னும் சொல்லுக்கு நேராக 'கல்லடி மரவீடு' என்று எழுதினேன். மேலதிகாரி படித்துப் பார்த்து, "இது தச்சர் பேசுகிற பேச்சுப்போல் இருக்கிறதே" என்றார். ஆம் என்றேன். அவர் சிறிது யோசித்து, அதை அப்படியே விட்டுவிட்டார்.